டெய்சி டீச்சர் நகர்த்தும் வீடு

பழைய சாக்கை நாலாக மடித்துக் கட்டில் காலுக்கு அடியில் செருகிவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு பாதங்களையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, டெய்சி டீச்சர் ஓர் உந்து உந்தினார். தேக்குக் கட்டில் முனகிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. எழுந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தி இல்லை. மறுபடி உட்கார்ந்து இன்னோர் உந்து. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் கிடையாது. அடுப்பில் உலை தளதளவென்று கொதித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த சாந்தி மேரி கையை நிறுத்திக் குரல் கொடுத்தாள்.

“என்னா டீச்சர், இன்னிக்குக் கட்டிலா? சத்தத்துக்கு நான் பீரோன்னு நெனச்சேன்.”

“பீரோ போன வாரமே அந்த ரூமுக்குப் போயிடுச்சு. இப்ப கட்டிலு எடம் கேக்குது.”

“கட்டிலு ஒங்களக் கூப்புட்டுக் கேட்டுச்சாக்கும்!”

“கேக்காம? பொழுதன்னிக்கும் வெயிலு அது தலமாட்டுலதான் வுழுவுது. படுத்தா பலகை தோசக்கல்லாட்டம் சுடுது. அது கேக்கறது ஒனக்குக் கேக்கல, எனக்குக் கேக்குது.”

சாந்தி மேரி சிரித்துக்கொண்டே துணியை அடித்துத் துவைக்க ஆரம்பித்தாள். இருபது வருஷமாக அடுத்த வீட்டில் இருப்பவள். கட்டில் சத்தம், பீரோ சத்தம், பிரிட்ஜ் சத்தம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

வரதராசன்பேட்டையில் டெய்சி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் போட்ட கொண்டை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சாய்ந்துவிடுவார் என்று தோன்றும். இரும்புப் பீரோவை ஒற்றை ஆளாக அறை மாற்றுகிறவர் இவர்தான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அதற்கெல்லாம் பலம் வேண்டியதில்லை என்பார் டீச்சர். பீரோவுக்கு ஈரச் சாக்கு, கட்டிலுக்குக் காய்ந்த சாக்கு, பிரிட்ஜுக்குப் பழைய கால்மிதி. அவசரப்படாமல் ஒரு மூலை, அப்புறம் இன்னொரு மூலை என்று தள்ளினால் எதுவும் நகரும்.

வீடு அவருடைய மாமனார் கட்டியது. முந்திரி நன்றாகக் காய்த்த ஒரு வருஷத்தில் அவசர அவசரமாகக் கட்டி முடித்த வீடு. நீளமாக ஒரு கூடம், அதன் பக்கத்தில் இரண்டு அறைகள், கடைசியில் ஒட்டிக்கொண்டு ஒரு சமையலறை. சமையலறைக்குக் கையகலத்தில் ஒரு ஜன்னல், அதுவும் மாட்டுக் கொட்டகையைப் பார்த்து. கல்யாணமாகி வந்த புதிதில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் பாதியை எடுத்துவிட்டால் வெளிச்சம் வருமே என்று டெய்சி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “வந்து மாசம் ஒண்ணாவல, சொவத்த இடிக்கச் சொல்லுது மருமவ” என்று மாமனார் கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். சுவரை நகர்த்த முடியாது என்பது அன்றைக்குத் தெரிந்தது. சுவருக்குள் இருக்கிற மற்ற எல்லாம் நகரும் என்பதையும் அன்றைக்கே கண்டுகொண்டார். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவர் அங்கேயேதான் இருக்கிறது. இடிக்க ஆள் கூப்பிட நினைக்கும்போதெல்லாம் பையன் படிப்பு, கிணற்று மோட்டார் என்று வேறு ஏதாவது முந்திக்கொண்டு வந்து நின்றுவிடும்.

வீட்டைப் பற்றி டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தால் லேசில் தப்பிக்க முடியாது. “வூடுன்னா நமக்கு வேல செய்யணும். நாம அதுக்கு வேல செஞ்சா அது வூடு இல்ல, மியூசியம்” என்பார். பையன் மரிய ஆல்பர்ட் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததும் ஆசையாக ஒரு சாப்பாட்டு மேசை வாங்கிக் கொடுத்தான். எல்லார் வீட்டிலும் போல அதில் யாரும் சாப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மேசையில் துணிமணியும் மருந்துச் சீட்டும் போட்டு வைத்தார்கள். மேசை ஒரு மாதம் அப்படிக் கிடந்ததை டீச்சரால் பொறுக்க முடியவில்லை. சமையலறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். குதிகால் வலிக்காரர் அவர். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி காய் நறுக்குவது, மாவு பிசைவது, பரீட்சைத் தாள் திருத்துவது எல்லாம் அந்த மேசையில்தான். அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியும், வாசலில் ஆள் வந்தாலும் தெரியும். வாங்கிக் கொடுத்தவன் வந்து பார்த்துவிட்டு, “இதுக்கா இத்தன வெல குடுத்து வாங்குனேன்?” என்றான். “இப்பதான்டா அது மேச” என்றார் அம்மா.

எல்லா யோசனையும் பலித்ததாகச் சொல்ல முடியாது. ஒரு தடவை பிரிட்ஜை மூலையில் ஒடுக்கி வைத்தார். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் தயிர்ச் சட்டியைச் சாய்த்துப் பிடித்துத்தான் வெளியே எடுத்தார்கள். டிவியைச் சமையலறை வாசலுக்கு நேராக வைத்த மாதம், வாரம் தவறாமல் குழம்பு அடிப்பிடித்தது. மழைக்காலத்துக்கென்று கூடத்துக்குள் துணிக்கொடி கட்டப்போய், பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் தலையில் ஈரத் துண்டு விழுந்தது. இப்படி நடக்கும்போதெல்லாம் டீச்சர் முகம் வாடாது. தப்பு தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு மறுபடியும் சாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

கூட வேலை பார்க்கும் பரிமளா டீச்சர் பெரம்பலூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். போன கூட்டமெல்லாம் தரைக் கல்லையும் மேல்கூரைக்குக் கீழே பூ வேலை செய்து மாட்டியிருந்த விளக்குகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நம் ஆள் நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பு முன்னால் நின்றார். இல்லாத பாத்திரத்தில் இல்லாத சோற்றைக் கிளறினார். இல்லாத கரித்துணியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கி, இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார்.

“சோத்துப் பான கையில இருக்கு பரிமளா. எங்க எறக்கி வைக்கிறது?”

ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. இறக்கி வைக்க ஒரு சாண் இடம் இல்லை. பரிமளா டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா பேசுவது என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். டெய்சி டீச்சர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிஷம் அந்த வீட்டில் குடியிருந்து பார்த்துவிடுவார். அதைக் கொஞ்சம் மனதுக்குள்ளேயே செய்துகொண்டால் நாலு வீட்டுக்காரர்கள் கூடுதலாக அழைத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். பெஞ்சுகளை வட்டமாகப் போடுவார், சதுரமாகப் போடுவார், வேப்பமரத்து நிழல் எந்த ஜன்னலில் விழுகிறதோ அந்தப் பக்கம் எல்லாவற்றையும் திருப்புவார். தலைமை ஆசிரியையான சிஸ்டர், “டீச்சர், நான் கிளாசுக்குள்ள வந்தா பிள்ளைங்க மூஞ்சி எந்தப் பக்கம்னே தெரிய மாட்டேங்குது” என்று அலுத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

டீச்சரோடு இந்த நகரும் வீட்டில் இத்தனை வருஷமாகக் குடித்தனம் செய்து வருபவர் சவரியார். டீச்சரின் கணவர். முந்திரித் தோப்பும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருப்பவர். பருத்த உடம்பு, அகலமான கை, மெதுவான நடை. தோப்பிலிருந்து வந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே நுழைவார். நேற்று வரை வெறுந்தரையாக இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு முக்காலி நிற்கும். முழங்காலில் ணங்கென்று ஒரு சத்தம். “ஏ டெய்சி!” என்று ஒரு கூப்பாடு. உள்ளேயிருந்து, “பாத்து வரக் கூடாதா?” என்று பதில். அந்த வீட்டில் தினசரிச் செபம் போல அது. “இந்த வூட்டுக்கு ஒரு மேப்பு வரஞ்சு வாசல்ல மாட்டு” என்பார் சவரியார். ஒரு தவக்காலத்தில் திரு இருதய ஆண்டவர் படத்தையும் மாடத்திலிருந்து எடுத்துக் கிழக்குச் சுவரில் மாட்டியபோது மட்டும் குரலை உயர்த்தினார். “ஆண்டவரையாவது ஒரு எடத்துல இருக்க வுடேன்டி.” அவர் போட்ட சண்டை அந்த ஒன்றுதான். மற்றபடி முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு புது இடத்தில் உட்கார்ந்து பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, “இங்க நல்லாத்தான் இருக்கு” என்று தானாகவே சொல்வார். அதைக் கேட்கத்தான் டீச்சர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பார்.

போன வருஷம் குருத்து ஞாயிறு. கோயிலில் நல்ல கூட்டம். குருத்தோலை வாங்க வரிசையில் எழுந்து போன சவரியார், திரும்பி வரும்போது பெஞ்சு முனையில் மோதி, கையிலிருந்த ஓலையோடு முன்வரிசைப் பெண்கள் நடுவில் விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை. தூக்கி உட்கார வைத்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் சாந்தி மேரி வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னா டீச்சர், கோயில்லயும் வந்து பெஞ்ச எடம் மாத்திட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சவரியாரும் சிரித்தார். டெய்சி டீச்சரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சிரிப்பு நின்றது. அந்தப் பெஞ்சை யாரும் நகர்த்தவில்லை. சவரியாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த காலத்திலிருந்து அந்தப் பெஞ்சு அங்கேதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அவர் இடிக்கக் கூடாத பெஞ்சு அது.

ஈஸ்டர் முடிந்த கையோடு திருச்சிக்கு, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, மிஷினுக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சவரியார் பொத்தானை அழுத்தியது ரொம்பக் குறைவு. சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வீட்ல நடக்கறப்போ எதுலயாவது இடிச்சுக்கறாரா?”

டீச்சர் சிரித்தேவிட்டார். “அவரு எப்பவும் இடிச்சுக்குவாருங்க டாக்டர். நான் வூட்ல சாமான எடம் மாத்திக்கிட்டே இருப்பேன். அதனால...”

டாக்டர் சிரிக்கவில்லை. “எப்பலேருந்து அதிகமாச்சு?” என்றார்.

எந்த இடி மேசையால், எந்த இடி கண்ணால் என்று பிரித்துச் சொல்ல டெய்சி டீச்சரால் முடியவில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும், இந்த மனுஷன் ஏன் இப்படி இடித்துக்கொள்கிறார் என்று பெண்டாட்டி என்றைக்கோ கேட்டிருப்பாள். அவர் வீட்டில் மட்டும் அது கேள்வியாகவே வரவில்லை. சவரியாருக்கும் வரவில்லை. இடிக்கும்போதெல்லாம் அவரும் டெய்சியைத்தான் கூப்பிட்டார், கண்ணைச் சந்தேகப்படவில்லை. டீச்சர் தன் ஆசைக்காகத் தள்ளிய ஒவ்வொரு சாமானும் அவர் நோயை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். போன பார்வை வராது. மருந்து தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். நேராக இருப்பது ஒரு வட்டத்துக்குள் நன்றாகத் தெரியும். பக்கத்திலும் கீழேயும் இருப்பது தெரியாது. “வண்டி ஓட்ட வேண்டாம். வீட்ல எல்லா சாமானும் ஒரே எடத்துல இருக்கட்டும்மா. பழகின எடம்னா அவர் தைரியமா நடப்பார்.”

பஸ்ஸில் வரும்போது சவரியார்தான் பேச்சை ஆரம்பித்தார். “பீரோ தப்பிச்சுது போ.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லால்குடி தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகு, “என் கிறுக்குலதாங்க ஒங்க கண்ணு போச்சு” என்றார்.

“கண்ணு போனது சீக்குல. நீ என்னா வெரல வுட்டா நோண்டுன? சும்மா கெட.”

அவர் சொன்னார் என்பதற்காக மனசு சும்மா கிடக்குமா? வீட்டுக்கு வந்ததும் டீச்சர் மேசையைச் சமையலறை வாசலில் சுவரோடு ஒட்டித் தள்ளினார். நாற்காலிகளை அதன் அடியில் செருகினார். கட்டில், பீரோ, முக்காலி எல்லாவற்றையும் சுவர் ஓரமாக வரிசை கட்டினார். கூர்மையான முனைகளில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டினார். கூடத்தின் நடுவில் நடக்க நீளமாக ஒரு வழி. பார்க்க ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. கடைசியாகச் சாக்குகளை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

சவரியார் சீக்கிரமே பழகிக்கொண்டார். இடது கையைச் சுவரில் லேசாகத் தொட்டபடி அறைக்குப் போவார், கொல்லைக்குப் போவார், சமையலறைக்கு வந்து தண்ணீர் மொண்டு குடிப்பார். தோப்பைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. அந்த வருஷம் முழுவதும் வீட்டுக்குள் அவர் ஒரு தடவைகூட இடித்துக்கொள்ளவில்லை. “ஏ டெய்சி” என்ற கூப்பாடும் நின்றுபோனது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். டீச்சரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், நாளில் பாதி நேரம்.

மீதி நேரத்தில் அவர் கை படுகிற பாடு பார்க்கச் சகிக்காது. சாயந்தரம் காபியை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால் கண் பீரோவைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைக்கும். கட்டிலைத் திருப்பும். முக்காலியை இரண்டு நாற்காலிக்கு நடுவில் கொண்டுவந்து போடும். காபி ஆறிப் போகும். ஒருநாள் காலால் முக்காலியை ஓர் அடி தள்ளிவிட்டார். தள்ளிய அடுத்த நிமிஷமே, திருடிய பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது போலப் பதறிப்போய்ப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார். பொங்கலுக்கு வந்த மரிய ஆல்பர்ட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்னம்மா, வூடு அப்புடியே இருக்கு?” என்றான். அவன் ஊருக்கு வந்து போன நாளெல்லாம் இல்லாத கேள்வி அது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள்தான் வாரத்துக்கு வாரம் சுற்றிச் சுற்றி வந்தன. சிஸ்டர் இப்போது அலுத்துக்கொள்வதில்லை. அவருக்கும் தெரியும்.

சவரியார் கண்ணுக்குத்தான் வட்டம் சுருங்கியிருந்தது. மற்றதெல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியவர் அங்கேயே நின்றுகொண்டு கேட்டார்.

“கண்ணு எனக்குத்தான போச்சு. ஒனக்குக் கையி போச்சா?”

“என்னா பேச்சு இது?”

“வூட்ல ஒரு சத்தம் இல்ல. சாமி இல்லாத கோயிலு மாதிரி இருக்கு. எதையாவது தள்ளேன்.”

“தள்ளிப்புட்டு? நீங்க வுழுந்து இடுப்ப ஒடச்சுக்குவீங்க. இந்தக் கூத்தெல்லாம் போதும். இருக்கறது இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.”

“அப்ப இத்தன வருஷம் நான் என்னா வுழாமயா இருந்தேன்?”

“அதத்தான் சொல்றேன்!” என்று கத்திவிட்டார் டீச்சர். “வுழுந்தீங்கல்ல? அப்ப எனக்குத் தெரிஞ்சுதா? இன்னொரு தரம் என் கையால அது நடக்காது.”

அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு அறைக்குள் போனார். டீச்சர் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக் கழுவினார். தனக்குப் பிடித்த ஒரே காரியத்தை அவருக்காக விட்டாயிற்று, அதற்கும் கோபித்துக்கொண்டால் என்னதான் செய்வது என்று ஆத்திரமாக வந்தது. அவர் விழாமல் நடந்தால் போதும். தன் கை சும்மா கிடந்துவிட்டுப் போகட்டும். அப்படித்தான் தீர்மானம் செய்திருந்தார். அந்தத் தீர்மானத்தை ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியும் விட்டார்.

இந்த ஆடி மாதம் முதல் வாரம். மேல்காற்று தெருப் புழுதியை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு, தோளில் பையும் கையில் கீரைக்கட்டுமாக வந்தார். பளீரென்ற வெயிலிலிருந்து கூடத்துக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நேராக நடந்தால் சமையலறை. நடுவில் ஒன்றும் கிடையாது. அப்படித்தான் ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தார்.

நாலு எட்டு வைத்ததும் தொடையில் ணங்கென்று ஒன்று மோதியது. கீரைக்கட்டு பறந்தது. “மாதாவே!” என்று அலறிக்கொண்டு கையை ஊன்றினார். கைக்குக் கீழே மேசை.

“யாரு, டெய்சியா? பாத்து வரக் கூடாதா?” என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

மேற்குப் பக்கத்து ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சவரியார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. மேசை கூடத்துக்கு நடுவில் கோணல்மாணலாக நின்றது. ஒரு முனை ஜன்னலுக்கு, மறுமுனை அறை வாசலை அடைத்துக்கொண்டு.

“எவன் இத இங்க கொண்டாந்து போட்டது?”

“நான்தான்.”

“நீங்களா? ஒத்தையிலயா? தடுக்கி வுழுந்து கெடந்தா யாரு வந்து பாக்கறது?”

“வுழல. ஆடி பொறந்து காத்து இந்த ஜன்னல்ல பிச்சுக்கிட்டு வருது. மேச என்னடான்னா சமையக்கட்டு வாசல்ல வெந்துக்கிட்டுக் கெடக்குது. நீ காய் நறுக்குறப்ப முந்தானையால மூஞ்சத் தொடச்சுத் தொடச்சு நறுக்குற. சொல்ல மாட்ட. எனக்குக் காது கேக்குதுல்ல, பெருமூச்சு வுடறது.”

டீச்சர் தொடையைத் தேய்த்துக்கொண்டே நின்றார். வலி உயிர் போனது. “நாளைக்கு நீங்களே வந்து இதுல மோதப் போறீங்க, பாருங்க” என்றார்.

“நான் எப்புடி மோதுவேன்? தள்ளுனது நான்ல.”

நாற்காலியை விட்டு எழுந்தார். சுவரைத் தொடவில்லை. மேசையின் நீளத்தை ஒட்டி நடந்து, அறை வாசலை அடைத்துக்கொண்டிருந்த முனையில் உடம்பை ஒருக்களித்துத் திரும்பி, மறுபக்கமாக ஜன்னலுக்கே வந்து சேர்ந்தார். சட்டை நுனிகூட மேசையில் படவில்லை.

“எங்க நிக்குதுன்னு என் கைக்குத் தெரியும் டெய்சி. முக்கி முக்கித் தள்ளுனது அது. நீ தள்ளி வச்சுட்டு என்ன வான்னாதான் இடிக்கும். ரெண்டு பேருமா சேந்து தள்ளுனா எனக்கு ஏன் இடிக்கப் போவுது?”

இந்த மனுஷன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்த அத்தனை வருஷமும் சகித்துக்கொண்டிருந்தார் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். காற்று எந்த மாதம் எந்த ஜன்னலில் வரும் என்று தன்னைப் போலவே தெரிந்து வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

சத்தம் எதுவும் வராததால் சவரியாருக்குச் சந்தேகமாகிவிட்டது. கோபமா, அழுகையா, போய்விட்டாளா என்று தெரியவில்லை. முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். அங்கே இல்லை. வலது பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து, கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு தாழ்த்தித் தேடினார். அவர் கண்டுபிடிக்கிற வரைக்கும் டீச்சர் அசையாமல் நின்றார்.

“அழுவுறியா?” என்றார், முகம் கிடைத்ததும்.

“மேச கோணலா நிக்குது” என்றார் டீச்சர்.

“அதான் தெரியுமே. எந்தப் பக்கம் தள்ளணும், சொல்லு.”

டெய்சி டீச்சர் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே போட்டார். சிதறிக் கிடந்த கீரையைத் தாண்டிப் போய், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேசையின் மறுமுனையைப் பிடித்தார்.